சந்தாபுராவில் இறங்கிய சந்திரன்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெங்களூரை ஒட்டிய சந்தாபுராவில் போய் நின்று பார்த்தால், ஊரில் யாரோ இலவச டிவி கொடுக்கிறார்கள் என்றுதான் தோன்றும். அப்படி ஒரு கூட்டம். ஓசூர் ரோட்டின் இரண்டு ஓரத்திலும் மாருதிக் கார்களும் மேட்டடோர் வேன்களும் முட்டிக்கொண்டு நிற்கும். வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்கும். லீவு நாளில் அதை எதற்கு மாட்டிக்கொண்டு வந்தார்கள் என்று கேட்காதீர்கள். வந்திருப்பது சாஃப்ட்வேர் ஆள் என்று சந்திரனுக்கும் தெரிய வேண்டாமா?

ஆமாம் சார், சந்திரன்தான். வானத்தில் இருக்கிற அதே சந்திரன். முழுசாக வரவில்லை, ஒரு துண்டு வந்திருந்தது. அமெரிக்காக்காரன் ராக்கெட் விட்டு, உயிரைப் பணயம் வைத்து, மூட்டை கட்டிக்கொண்டு வந்த சரக்கு, நம் நாணு சுவாமிகளின் கொட்டகைக்குப் பின்னால் ஒரு பௌர்ணமியன்று தானே வந்து விழுந்துவிட்டதாம். பெட்ரோல் செலவுகூடக் கிடையாது.

நாணு சுவாமிகள் அதற்கு முன் வெறும் நாணுவாக இருந்தார். பெங்களூரில் அப்போது சம்பளம் ஏறிய வீட்டிலெல்லாம் சமையல் மேடையில் இருந்த பழைய கடப்பா கல்லைப் பெயர்த்துப் போட்டுவிட்டு, பளபளவென்று கிரானைட் பதித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வேலையை எடுத்துச் செய்தவர் நாணு. சந்திரன் விழுந்த மறுவாரமே தாடி விட்டார், காவி கட்டினார், கிரானைட் கொட்டகையில் சாமியானா போட்டார். கல்லோடு பழகிய மனிதர், கல்லே கைகொடுத்தது.

பூஜை பார்க்க வேண்டுமே. வெள்ளித் தாம்பாளத்தில் கறுப்பாக ஒரு கல். சுவாமிகள் அதை ஒரு அரத்தால் நாலு இழுப்பு இழுப்பார். "பூமித் தோலை உரிக்கிறேன்" என்பார். பிறகு கமண்டலத்திலிருந்து தீர்த்தத்தை ஊற்றுவார். உரசிய இடத்தில் புஸ்ஸென்று வெள்ளையாக நுரை கிளம்பும். சந்திரன் மூச்சு விடுகிறாராம். கூட்டம் அப்படியே தரையில் விழும். அந்த நுரைத் தண்ணீரைத்தான் உத்தரணியில் எடுத்து வாயில் விடுவார்கள். மூலத்துக்கும் அதுதான், விசாவுக்கும் அதுதான். வருஷக் கடைசியில் தேதி மாறும்போது உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுபோகும் என்று ஒரே பீதியாக இருந்த 1999 அது. ஒரு கம்பெனிக்காரர் பாட்டிலில் வாங்கிப் போய் சர்வர் மேலேயே தெளித்துவிட்டார். சர்வர் அன்றைக்கே நின்றது. சந்திரன் முன்கூட்டியே எச்சரித்துவிட்டார் என்று அதற்கும் ஒரு தேங்காய் உடைத்தார்கள்.

வீட்டுக்குக் கல் வேண்டுமென்றால் அதற்கும் வகை இருந்தது. ராஜ சந்திரன், மந்திரி சந்திரன், சேவக சந்திரன். கல் ஒன்றேதான், வருகிறவர் எந்த வண்டியில் வந்தார் என்பதைப் பொறுத்து வகை மாறும்.

இந்தக் கூட்டத்தில் மந்திரி சந்திரன் வாங்கிய ஒருவர்தான் நம் கணேசமூர்த்தி. வாணியம்பாடிக்காரர், பெங்களூர் ஜீவனஹள்ளியில் வாடகை வீடு, ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவுக்குத் தலைவர். அடுத்தவன் எழுதிய ப்ரோகிராமில் குற்றம் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். ஆபீஸில் ஒரு கமா தப்பினால் நாலு பக்கத்துக்கு மெயில் அனுப்புவார். ஆனால் செருப்பை வாசலில் கழற்றும்போது மூளையையும் கூடவே கழற்றி வைக்கிற பழக்கம் அவருக்கும் இருந்தது.

அவருக்குச் சர்க்கரை. மாத்திரைக்கு அடங்காமல் இன்சுலின் ஊசிக்கு வந்துவிட்ட சர்க்கரை. கடவுளும் சும்மா இருக்காமல் மைசூர்பாகு மேல் மனிதருக்கு ஒரு வெறியையும் கொடுத்து வைத்திருந்தார். ஸ்வீட் கடை வாசலைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டு ஸ்கூட்டர் ஓட்டி ஒருமுறை தபால் பெட்டியில் மோதியிருக்கிறார். அப்படிப்பட்டவரைப் பார்த்து நாணு சுவாமிகள் சொன்னார்: "ஊசி எதுக்கு? நம்ம தீர்த்தம் குடிங்கோ, இஷ்டப்பட்டதைச் சாப்பிடுங்கோ. சந்திரன் குளிர்ச்சி, சர்க்கரை சூடு. ரெண்டும் சேர்ந்தா சமம் ஆயிடும்."

இஷ்டப்பட்டதைச் சாப்பிடுங்கோ. இந்த ஒரு வாக்கியத்துக்காக கணேசமூர்த்தி சந்திரனுக்கே நடந்து போகத் தயாராக இருந்தார். அன்றைக்கே ஊசியை நிறுத்தினார், மைசூர்பாகைத் தொடங்கினார்.

தொண்டை வறண்டது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். குடித்ததெல்லாம் நிற்காமல் போயிற்று. ஆபீஸ் மீட்டிங்கில் பாதி நேரம் பாத்ரூமில் இருந்தார். சுவாமிகளிடம் ஓடிப்போய்க் கேட்டால், அவர் சிரித்தாராம். கடலையே இழுக்கிற சந்திரன் உங்கள் உடம்புத் தண்ணீரை இழுக்காதா, கல் வேலை செய்கிறது என்று அர்த்தம் என்றாராம். பேன்ட் இடுப்பில் நிற்காமல் வழிந்தது. கெட்ட சதை கரைகிறதாம். கால் கட்டைவிரலில் செருப்பு கடித்த ஒரு சின்னப் புண் ஆறாமல் கறுத்துக்கொண்டே வந்தது. அதற்கும் பதில் இருந்தது: விஷம் அந்த வழியாக வெளியேறுகிறது. சுவாமிகளிடம் பதில் இல்லாத கேள்வியே இல்லை. அதுதான் அவரிடம் இருந்த முக்கியமான கோளாறு, யாரும் கவனிக்கவில்லை.

மனைவி உஷா அழுது பார்த்தாள், சண்டை போட்டாள், மைசூர்பாகு டப்பாவை அரிசி டிரம்மில் ஒளித்தும் பார்த்தாள். கடைசியில் தங்கை இளவேனிலுக்கு போன் செய்தாள். இளவேனில் ஜியாலஜியில் ஆராய்ச்சி மாணவி. கல்லைச் சீவி, கண்ணாடிமேல் ஒட்டி, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பதுதான் அவளுக்குப் பொழுது போவதும் பட்டம் வருவதும். சனிக்கிழமை சாயங்காலம் வந்தாள். மாமாவின் கட்டைவிரலைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. இதே நிலையில் போனால் விரல் போகும், அப்புறம் கால் போகும் என்று அக்காவிடம் மெதுவாகச் சொன்னாள். பயமாக இருந்தது அவளுக்கு. பிறகு பூஜை அலமாரியில் பட்டுத் துணியில் படுத்திருந்த மந்திரி சந்திரனை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

"மாமா, நிஜமான நிலாக்கல்லு எப்படி இருக்கும்னு தெரியுமா?" என்றாள்.

தெரியாது என்று ஒத்துக்கொள்ள அவருக்கு மனசில்லை. கறுப்பாக, தெய்வீகமாக இருக்கும் என்றார். இளவேனில் பாடம் எடுத்தால் மாமா தூங்கிவிடுவார் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் அவருக்குப் புரிகிற பாஷையில் தொடங்கினாள். நிலாவிலிருந்து தெறித்து வந்து பூமியில் விழுந்த கல் என்று உலகம் முழுக்கத் தேடினாலும் ஒரு கைப்பிடிதான் இதுவரை கிடைத்திருக்கிறது, அதை ஜாதி ஜாதியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்றாள். நிலாவில் வெள்ளையாகத் தெரிகிறதே, அது மேட்டு நிலம். அங்கே கல் முக்கால்வாசியும் அனார்த்தைட் என்கிற வெளுத்த கனிமம், தேங்காய் பர்ஃபி என்று வைத்துக்கொள்ளுங்கள். கறை மாதிரி தெரிகிற இடம் எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட். பைராக்ஸீன், ஆலிவீன், இல்மனைட் எல்லாம் கலந்தது, அது கறுப்பு அல்வா. விண்கல் மோதி மோதி எல்லாம் நொறுங்கி, அந்தச் சூட்டிலேயே துண்டும் தூளுமாக ஒட்டிக்கொண்டதற்கு பிரெக்சியா என்று பெயர். அது கடலை மிட்டாய். விழுகிற கல்லில் பெரும்பாலும் கடலை மிட்டாய்தான்.

கணேசமூர்த்தி எச்சில் விழுங்கினார். வாழ்க்கையில் அவர் ஒரு விஞ்ஞான விஷயத்தை இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

"இதுல எதுலயுமே சுண்ணாம்பு கிடையாது மாமா. பாலைவனத்துல ரொம்ப நாள் கிடந்த கல்லுன்னா விரிசல்ல லேசா ஏறியிருக்கும், அது நம்ம பூமி அழுக்கு. கல்லே சுண்ணாம்பா இருந்தா அது நிலாவே இல்ல. சுண்ணாம்புக் கல்லு தண்ணி அடியில படியறது. இந்தக் கல்லு நுரைக்குதே, ஏன் தெரியுமா? சுண்ணாம்பு மேல புளிப்பு பட்டா நுரைக்கும். உங்க சாமி தீர்த்தம் லேசா புளிக்குதா இல்லையா?"

புளித்தது. அதைத் துளசியின் புளிப்பு என்று அவர் நம்பியிருந்தார். துளசி எப்போது புளித்தது என்று உஷா நடுவில் கேட்டதை அவர் காதில் வாங்கவில்லை. இளவேனில் சமையலறைக்குப் போய், பாத்திரம் துலக்கும் இடத்தில் ஓரம் உடைந்து கிடந்த கடப்பா கல் துண்டைக் கொண்டுவந்தாள். இரண்டையும் அரத்தால் உரசினாள். பாட்டிலில் இருந்த தீர்த்தத்தை இரண்டின் மேலும் விட்டாள். மந்திரி சந்திரனும் நுரைத்தார், பாத்திரம் துலக்கும் கல்லும் நுரைத்தது. பார்த்தால் ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பி மாதிரி இருந்தார்கள்.

கணேசமூர்த்தி மசியவில்லை. தீர்த்தம் சுவாமி கைப்பட்டது, அதை எதன் மேல் ஊற்றினாலும் மகிமை காட்டத்தான் செய்யும் என்றார். இளவேனில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து காட்டினாள். அதற்கும் இரண்டும் நுரைத்தன, ஆனால் கொஞ்சம் கம்மியாக. பார்த்தாயா, உன் எலுமிச்சைக்கு அவ்வளவு சக்தி இல்லை என்று அவர் ஜெயித்துவிட்ட முகத்தோடு சொன்னார். உஷா தலையில் அடித்துக்கொண்டாள்.

இளவேனில் கோபித்துக்கொள்ளவில்லை. வேறொரு பக்கமாக வந்தாள். "ப்ரோகிராம் எழுதினவனே 'நான் பாத்துட்டேன், எல்லாம் சரியா இருக்கு'ன்னா நீங்க கையெழுத்து போட்டுருவீங்களா மாமா?"

"அது எப்படிப் போடுவேன்? நான் தனியா டெஸ்ட் பண்ணுவேன்" என்றார் கணேசமூர்த்தி. சொன்ன பிறகுதான் வாயைக் கொடுத்துவிட்டது தெரிந்தது.

நாணு சுவாமிகள் வாராவாரம் ஒரு வார்த்தை சொல்வார்: கண்ணைக் கட்டி ஆயிரம் கல்லுக்கு நடுவில் விட்டாலும் சந்திரன் என் கையைக் கூப்பிடுவார். சரி, அதையே பார்த்துவிடலாம் என்றாள் இளவேனில். கடப்பா துண்டை மந்திரி சந்திரன் அளவுக்கே சில்லுகளாக உடைத்தாள். மந்திரியின் அடிப்பக்கத்தில் மட்டும் உஷாவின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டினாள். எல்லாவற்றையும் தாம்பாளத்தில் பரப்பிய பிறகு எது எது என்று அவளுக்கே தெரியவில்லை. கணேசமூர்த்திக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. நாளைக்குச் சுவாமி ஜெயிக்கப் போகிறார், இந்தப் பெண் காலில் விழப் போகிறாள், நாம் நிம்மதியாக மைசூர்பாகு சாப்பிடப் போகிறோம் என்று தாம்பாளத்துக்கு மஞ்சள் குங்குமமெல்லாம் வைத்தார்.

மறுநாள் கொட்டகையில் நுரை கிளம்பி, கூட்டம் விழுந்து எழுந்து, சுவாமிகள் வழக்கம்போல் அந்த வாக்கியத்தைச் சொன்னார். கணேசமூர்த்தி தாம்பாளத்தோடு முன்னால் போனார். அவர் முகத்தில் இருந்த பக்தியைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. ஏனென்றால் அது நிஜமான பக்தி. இதில் ஒன்றுதான் சந்திரன், சுவாமி கண்ணைக் கட்டிக்கொண்டு எடுத்துக் காட்ட வேண்டும், வீட்டில் சில பேர் வாயை அடைக்க வேண்டும் என்று கும்பிட்டார். கூட்டம் ஓவென்று கைதட்டியது. சுவாமிகள் தாடியை ஒருமுறை உருவிக்கொண்டார். ஆனாலும் இத்தனை பேர் முன்னால் எப்படி மறுப்பது?

காவித் துண்டைக் கண்ணில் கட்டினார்கள். சுவாமிகள் ஒவ்வொரு கல்லாகத் தடவினார், முகர்ந்தார், ஒன்றைக் காதில்கூட வைத்துப் பார்த்தார். கடைசியில் ஒன்றைத் தூக்கி, "பந்த்பிட்டா, வந்துட்டார், கூப்பிடறார்" என்று கன்னடமும் தமிழுமாக ஆடினார். கணேசமூர்த்தி கண்ணில் நீர் வழிய அதை வாங்கித் திருப்பினார்.

பொட்டு இல்லை.

இன்னொருமுறை திருப்பினார். கையால் தேய்த்துப் பார்த்தார். ஒவ்வொரு கல்லையும் கவிழ்த்தார். சுவாமிகள் தடவிப் பார்த்துத் தள்ளிவிட்ட ஒரு கல்லின் அடியில் உஷாவின் சிவப்புப் பொட்டு சிரித்துக்கொண்டிருந்தது.

"சாமி," என்றார் கணேசமூர்த்தி. "இது எங்க வீட்ல பாத்திரம் கழுவற எடத்துக் கல்லு சாமி."

கூட வந்திருந்த இளவேனில் முன்னால் வந்து எல்லாக் கல்லையும் அரத்தால் உரசி, சுவாமிகளின் கமண்டலத்திலிருந்தே தீர்த்தத்தை ஊற்றினாள். தாம்பாளம் முழுக்கச் சந்திரர்கள் மூச்சு விட்டார்கள். கடப்பா கல் சுண்ணாம்புக் கல், தீர்த்தத்தில் எலுமிச்சை உப்பு, அவ்வளவுதான் விஷயம், வீட்டுக்குப் போய் யார் வேண்டுமானாலும் செய்து பாருங்கள் என்று சத்தமாகச் சொன்னாள். நாலு பேர் கொட்டகைக்குப் பின்னால் ஓடிப் பார்த்தார்கள். வீட்டு வீடாகப் பெயர்த்த சமையல் மேடைக் கற்கள் அங்கே சுவர் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. ஒன்றிரண்டில் எண்ணெய்ப் பிசுக்குகூடப் போகவில்லை. அடுக்களையிலிருந்து வேண்டாமென்று தூக்கிப் போட்டதைத்தான் ஜனங்கள் பூஜை அறைக்குத் திரும்ப வாங்கிப் போயிருக்கிறார்கள். ஒரு அம்மாள் தன் வீட்டுக் கல்லை அடையாளம் கண்டுபிடித்துவிட்டாள்.

இதோடு கதை முடிந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? நாணுவை நீங்கள் சரியாக எடைபோடவில்லை. கண்கட்டை அவிழ்த்த மனிதர் ஒரு நொடி திருதிருவென்று விழித்தார். பிறகு இரண்டு கையையும் தூக்கினார்.

"நான் பொய் சொல்வேன், சந்திரன் சொல்வாரா? அவர் இவர் வீட்டுக் கல்லுலதான் இருக்கார். என்னை விட்டுட்டு ஜீவனஹள்ளிக்குக் குடி போயிட்டார். போங்கோ, இனிமே அங்க போங்கோ."

கூட்டம் கணேசமூர்த்தியைத் திரும்பிப் பார்த்தது. கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள் பாதி. மீதிப் பாதி ஸ்டார்ட் செய்தது வண்டியை. சுவாமிகள் அந்த அமளியில் உண்டியலோடு பின்பக்கமாகப் போனவர்தான், அப்புறம் சந்தாபுராப் பக்கம் தலைகாட்டவே இல்லை.

மத்தியானத்துக்குள் ஜீவனஹள்ளித் தெரு அடைபட்டது. மாடிப்படியில் கூட்டம், மொட்டைமாடியில் கூட்டம். உஷா பூரிக்கட்டையோடு சமையலறை வாசலில் நின்றாள். ஒரு சில்லு கொடுங்கள் அம்மா, கழுவின தண்ணீராவது கொடுங்கள் அம்மா என்று ஆளாளுக்குக் கெஞ்சினார்கள். பாத்திரம் கழுவின தண்ணீரைக் கேட்டு வரிசையில் நின்றவர்களில் இரண்டு பேர் அமெரிக்கா போய்வந்தவர்கள். இளவேனில் தொண்டை வற்றக் கத்தினாள். அவளைப் பார்த்தால் தெய்வப் பெண் மாதிரி இருக்கிறது என்று யாரோ அவள் காலையும் தொட்டுவிட்டார்கள்.

கணேசமூர்த்தியை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மாலை விழுந்தது. அவர் வேண்டாம் வேண்டாம் என்றார். ஆனால் அவ்வளவு அழுத்தமாகச் சொன்னார் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆபீஸில் டெஸ்டிங் ஆளை யார் மதிக்கிறார்கள்? இங்கே மானேஜர்கள் கைகட்டி நிற்கிறார்கள். போதாததற்கு ஒருவர் நெய் மணக்கும் மைசூர்பாகு ஒரு டப்பா கொண்டுவந்து காலடியில் வைத்தார். கணேசமூர்த்தி ஒரு துண்டைக் கையில் எடுத்தும்விட்டார்.

அப்போதுதான் பக்கத்துத் தெரு மௌரீன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கூட அவள் மகள் நோரா. மூன்றாவது படிக்கிற, ஒல்லியான பெண். பிறந்த கொஞ்ச காலத்திலேயே சர்க்கரை வந்து, தினமும் ஊசியில் உயிர் வாழ்கிற குழந்தை.

"சார், நீங்க ஊசிய விட்டுட்டீங்கன்னு சொல்றாங்க. நல்லாத்தானே இருக்கீங்க?" என்றாள் மௌரீன். "இவ டெய்லி அழுவறா சார். குத்த எனக்குக் கை வர மாட்டேங்குது. நீங்க ஒரு வார்த்தை சொன்னா இன்னைக்கே நிறுத்திடறேன்."

நோரா சட்டையைத் தூக்கிக் காட்டினாள். தொடையிலும் வயிற்றிலும் ஊசிப் புள்ளிகள். அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் சொல்லப்போகும் வார்த்தை நல்ல வார்த்தையாக இருக்கும் என்று அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

சொல்ல வேண்டியது கணேசமூர்த்திக்கு மனப்பாடம். சந்திரன் குளிர்ச்சி, சர்க்கரை சூடு. தனக்காகக் கேட்டபோது தேனாக இனித்த வார்த்தைகள்தான். இந்தக் குழந்தையைப் பார்த்துச் சொல்ல வாயைத் திறந்தால் ஒன்றுகூட வெளியே வரவில்லை. சொன்னால் குழந்தை செத்துப்போகும். அது அவருக்குத் தெரிந்தது. அப்படியானால் இத்தனை நாளும் தெரிந்துதானே இருந்தது? தெரிந்துகொண்டேதான் மைசூர்பாகு தின்றோமா? அவருக்கு வெட்கமாக வந்தது.

"நிறுத்தாதம்மா" என்றார். பிறகு எழுந்து நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். "நிறுத்தாத. நான் நல்லா இல்ல. பொய் சொல்லிட்டு உக்காந்திருக்கேன்."

குனிந்து காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தார். கட்டைவிரல் தெரிந்தது. நாற்றமும் வந்தது. முன்வரிசை அப்படியே பின்னால் போய், பின்வரிசை படியில் இறங்கி, மொட்டைமாடியே காலியாயிற்று. பகுத்தறிவுப் பிரசாரத்தால் நகராத கூட்டம் ஒரு விரல் நாற்றத்தில் நகர்ந்தது. கணேசமூர்த்தி கையிலிருந்த மைசூர்பாகைத் தூக்கிப் போட்டார். "உஷா, ஆட்டோ கூப்பிடு. டாக்டர்கிட்ட போலாம்" என்றார். உஷா பூரிக்கட்டையோடேயே ஆட்டோவில் ஏறினாள்.

கடைசியாகப் படியிறங்கிய ஒருவர் மட்டும் திரும்பி வந்து இளவேனிலிடம் பவ்யமாகக் கேட்டார். உங்களுக்கு அந்தக் கல் வேண்டாமென்றால் நான் எடுத்துக்கொள்ளலாமா என்று.

விரல் பிழைத்தது, நகம் மட்டும் போயிற்று. டாக்டர் திட்டிய திட்டு தனிக் கதை, அதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து கேட்க முடியாது. நோராவுக்கு ஊசி போடும் நேரத்தில் கணேசமூர்த்தியும் மௌரீன் வீட்டுக்குப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தனக்கும் போட்டுக்கொண்டார். யார் முதலில் முகம் சுளிக்கிறார்கள் என்று இரண்டு பேருக்கும் பந்தயம். பெரும்பாலும் அவர்தான் தோற்றார்.

பெங்களூர் நீலசந்திராவில் இப்போது புதிதாக ஒருவர் வந்திருக்கிறாராம், செவ்வாயிலிருந்து விழுந்த கல்லோடு. ஞாயிற்றுக்கிழமை வரிசை கட்டுகிறார்கள் என்று கேள்வி. போகிறவர்கள் தாராளமாகப் போங்கள். தீர்த்தம் வாங்கத் திறக்கிற அதே வாயால் முதலில் ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாங்குங்கள். அதற்கு எந்தக் கிரகமும் குறுக்கே நிற்காது.